குளிர் ஊரில் பாம்புப் பெட்டி: எந்த மானியை நம்பலாம், எங்கே வைக்கலாம்

நுவரெலியாவில் மூட்டம் இறங்கிய ஒரு காலை என்று வைத்துக்கொள்வோம். வெளியே 15 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 90%. காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே தொங்குகிறது. அதே வீட்டில், பாம்புப் பெட்டியின் சூடான மூலையில் இருக்கும் ஈரமானி 34% காட்டுகிறது. பலர் உடனே மானி பழுது என்று முடிவுகட்டி வேறொன்று வாங்குவார்கள். புதியதும் அதையேதான் காட்டும். மானி சொல்வது சரி.

குளிர்ந்த காற்று கொஞ்சம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை 15 பாகையிலிருந்து 31 பாகைக்குச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் நீராவி அப்படியே இருக்கிறது, ஆனால் காற்று தாங்கக்கூடிய அளவு இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே 90% என்பது சூடான மூலையில் 34% ஆகவும், 25 பாகையில் இருக்கும் குளிர்ந்த மூலையில் 48% ஆகவும் இறங்கிவிடும். ஒரே வீடு, ஒரே நேரம், மூன்று எண்கள், மூன்றும் உண்மை. கொழும்பில் பெட்டி வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு வராது. அங்கே அறைக் காற்றே 28, 29 பாகை என்பதால் பெட்டிக்குள் கூடுவது இரண்டு மூன்று பாகைதான். நமக்கு 15, 16 பாகை ஏற வேண்டியிருக்கிறது. மலையகத்தில் பாம்பு வளர்ப்பவர் மானியை வாங்கும்போதும், வைக்கும்போதும், வாசிக்கும்போதும் இந்தக் கணக்கை மறக்கக்கூடாது. எந்த இடத்தில், எந்த வெப்பநிலையில் என்று தெரியாமல் ஈரப்பதன் இத்தனை வீதம் என்று மட்டும் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. மலைப்பாம்பு உட்பட நம் நாட்டுப் பாம்புகள் பல அதன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. தேயிலை மலையில் அகப்பட்டதைப் பிடித்துவந்து கண்ணாடிப் பெட்டியில் போடுபவருக்கு இங்கே உதவி கிடையாது. வெளிநாட்டு இனமானாலும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி கையில் இருக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அப்படி முறையாக வைத்திருக்கும் கோர்ன் ஸ்நேக், போல் பைதன் ஆகிய இரண்டையும் மனதில் வைத்து எழுதியது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

கோர்ன் ஸ்நேக்கிற்குச் சூடான பக்கம் 29 முதல் 31 பாகை, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25, ஈரப்பதன் 40 முதல் 60%. போல் பைதனுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, ஈரப்பதன் 60 முதல் 70%, சட்டை உரிக்கும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூட. இந்த எண்களைக் கூர்ந்து பார்த்தால் எப்படிப்பட்ட மானி தேவை என்பது தானே விளங்கும். 32 பாகை நல்லது, 36ஐத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் ஆபத்து. இடையில் இருப்பது நான்கு பாகை. மூன்று பாகை தவறாகக் காட்டும் மானி அந்த இடைவெளியைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடும். ஆக வெப்பமானி ஒரு பாகைக்குள் சரியாக இருக்க வேண்டும், ஈரமானி ஐந்து வீதத்துக்குள் இருந்தால் போதும். அதைவிடத் துல்லியம் தேடிக் காசைச் செலவழிக்கத் தேவையில்லை.

திரையில் 29.4 என்று தசமப் புள்ளியோடு வருவதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். தசமம் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. இரண்டு பாகை பிழையான மானியும் தசமத்தோடுதான் பிழையைக் காட்டும்.

கடையில் கிடைப்பவை

முள் சுழலும் வட்ட மானிகளை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். உள்ளே இரு உலோகச் சுருள் ஒன்று வெப்பத்துக்கு விரிந்து முள்ளைத் தள்ளுகிறது. ஈரப்பதன் முள்ளுக்கு ஈரம் உறிஞ்சி நீளும் ஒரு படலம். இரண்டும் வேலை செய்யும் தத்துவந்தான். ஆனால் மலிவு விலையில் செய்யும்போது முள் எங்கே நிற்கிறது என்பதை யாரும் சரிபார்த்து அனுப்புவதில்லை. ஒரே கடையில் ஒரே தட்டில் தொங்கும் ஐந்து வட்ட மானிகளைப் பாருங்கள், ஐந்தும் ஐந்து விதமாகக் காட்டும். இன்னொரு கோளாறு, இவை பின்புறப் பசையால் கண்ணாடிச் சுவரில் ஒட்டப்படுபவை. குளிர்ந்த அறையில் கண்ணாடி உள்ளிருக்கும் காற்றைவிடப் பல பாகை குளிர்ந்திருக்கும். மானி கண்ணாடியின் குளிரைச் சொல்லும், பாம்பு படுத்திருக்கும் தரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஈரத்தில் பசை விட்டுப்போய் மானி விழுந்தால், அந்தப் பசைப் பக்கத்தில் பாம்பு ஒட்டிக்கொள்ளும். இழுக்கும்போது செதிலோடு தோல் கிழியும். சின்னக் கோர்ன் ஸ்நேக்குகளுக்கு இது உயிராபத்து.

மீன் தொட்டியில் ஒட்டும் நிறம் மாறும் பட்டையும் இதே கதைதான். தண்ணீர் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அங்கே அது ஓரளவு சரி. காற்று நிரம்பிய பெட்டிக்கு உதவாது.

வாங்க வேண்டியது நுனியில் உணரி உள்ள, வயரோடு கூடிய டிஜிட்டல் வெப்பமானி. புறக்கோட்டை எலெக்ட்ரோனிக் கடைகளிலும், கண்டி, ஹட்டன், பதுளை டவுன்களில் குளிர்சாதனப் பெட்டி உதிரிப்பாகம் விற்கும் கடைகளிலும் கிடைக்கும் கறுப்புச் செவ்வகம், டிபிஎம்-10 என்ற பெயரில் வரும். இரண்டு எல்ஆர்44 பொத்தான் பற்றரி, ஒரு மீற்றர் அல்லது இரண்டு மீற்றர் வயர். சொல்லப்படும் துல்லியம் கூட்டல் கழித்தல் ஒரு பாகை. நடைமுறையில் பெரும்பாலானவை அதற்குள் வரும், சில வராது. ஆகவே ஒன்றுக்குப் பதிலாக மூன்று வாங்குங்கள். விலை குறைவு என்பதால் இது ஆடம்பரமில்லை. மூன்று உணரிகளையும் ஒரு ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி, ஒரு தேநீர்க் குவளையில் வைத்து, துணியால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் இரண்டு ஒத்துப்போய் ஒன்று விலகி நின்றால் அந்த ஒன்றைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஒத்துப்போவதாலேயே இரண்டும் சரி என்று ஆகாது. அதற்குத்தான் பின்னால் வரும் ஐஸ் சோதனை.

வெப்பமும் ஈரப்பதனும் சேர்த்துக் காட்டும் மானி வாங்கும்போது ஒரு பொறி உண்டு. சிலவற்றில் வயர் நுனி வெப்பத்தை மட்டும் அளக்கிறது, ஈரப்பதன் உணரி மானியின் உடம்புக்குள் இருக்கிறது. மானியைப் பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டு வயரை மட்டும் உள்ளே விட்டால் வெப்பம் பெட்டியினுடையது, ஈரப்பதன் அறையினுடையது. இரண்டு எண்ணும் ஒரே திரையில் வருவதால் மாதக்கணக்கில் தெரியாது. கண்டுபிடிப்பது சுலபம்: வயர் நுனியில் வாயால் மெதுவாக ஊதுங்கள். ஈரப்பதன் எண் குதித்தால் உணரி அங்கே இருக்கிறது. அசையாமல் இருந்து, மானியின் பின்பக்கத் துளைகளில் ஊதும்போது குதித்தால் அது உடம்புக்குள் இருக்கிறது. வயர் நுனியில் ஈர உணரி இருக்கும் வகையில் நுனி உறையில் நீளவாக்கில் வெட்டுகள் இருக்கும். வெப்பம் மட்டும் அளக்கும் நுனி மூடியே இருக்கும்.

கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் சியாவோமி, கோவி போன்ற புளூடூத் மானிகள் நல்லவை. கையளவுச் சதுரம், உள்ளே வைத்துவிடலாம், வரைபடம் போனில் வரும். இதில் எண்ணைவிட வரைபடந்தான் பெறுமதி. தகரக் கூரை லயன் அறையில் நண்பகல் 30 பாகையும் அதிகாலை நாலு மணிக்கு 11 பாகையும் வருவது பகலில் ஒருமுறை எட்டிப்பார்ப்பவருக்குத் தெரியாது. வரைபடம் இல்லாத மானி வாங்கினால் குறைந்தபட்சம் உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் நினைவில் வைக்கும் வசதியாவது இருக்கட்டும்.

ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை கொண்டு தானே மானி செய்து பார்க்கும் பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர். நீல நிற டிஎச்டி11 உணரி வேண்டாம். வெப்பத்தில் இரண்டு பாகையும் ஈரத்தில் ஐந்து வீதமும் பிழைக்கு இடம் உண்டு, அது ஈரப்பதனுக்கு உத்தரவாதப்படுத்தும் வரம்பே 80, 90%இல் நின்றுவிடுகிறது. வெள்ளை நிற டிஎச்டி22 பரவாயில்லை. எஸ்எச்டி31 கிடைத்தால் அதையே போடுங்கள். தரை வெப்பத்துக்கு உருக்குக் குழாயில் வரும் டிஎஸ்18பி20 சரியான தெரிவு, அரைப் பாகைத் துல்லியம். ஆனால் போலிச் சில்லு நிறையப் புழங்குகிறது, ஐஸில் வைத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பிறகு துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி. இது காற்றை அளக்காது, தான் பார்க்கும் மேற்பரப்பை மட்டும் அளக்கும். சூடான கல், மறைவிடத்தின் தரை, பாம்பின் முதுகு இவற்றுக்குக் கைகண்ட கருவி. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து குறிவைத்தால் கண்ணாடியின் வெப்பத்தைத்தான் சொல்லும், கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் தவறும். 12க்கு 1 என்று எழுதியிருந்தால் 12 அங்குலத் தூரத்தில் ஓர் அங்குல வட்டத்தின் சராசரியைச் சொல்கிறது என்று பொருள். சிவப்புப் புள்ளி விழும் இடத்தை மட்டும் அளப்பதில்லை. கிட்டக் கொண்டுபோய் அளந்தால் வட்டம் சிறுக்கும்.

கொரோனாக் காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நீட்டிய வெப்பமானி பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதை உடல் முறையில் வைத்துப் பெட்டியை அளக்க வேண்டாம். நெற்றித் தோலின் வெப்பத்தை உடம்பின் உள்வெப்பமாக மாற்றிச் சொல்லும்படி அது அமைக்கப்பட்டது, அதனால் உண்மையான மேற்பரப்பு வெப்பத்தைவிடக் கூட்டிக் காட்டும். சிலவற்றில் மேற்பரப்பு முறை என்று தனிப் பொத்தான் உண்டு. அதில் மாற்றினால் பயன்படும்.

வீட்டிலேயே சரிபார்த்தல்

வெப்பமானிக்கு முதல் சோதனை ஐஸ். ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி அடித்து நொறுக்கி, ஒரு உயரமான கிளாஸில் அடிவரை நிரப்பி, இடைவெளியை மட்டும் நிரப்பும் அளவு குளிர்நீர் ஊற்றுங்கள். ஐஸ் மிதந்து அடியில் வெறும் தண்ணீர் நின்றால் அந்தத் தண்ணீர் நான்கு பாகை வரை இருக்கும், சோதனை கெட்டுவிடும். உணரியை நடுவில், கிளாஸின் சுவரைத் தொடாமல் பிடித்து, கலக்கிக்கொண்டே மூன்று நிமிடம். 0 காட்ட வேண்டும். 0.8 காட்டினால் அந்த மானி 0.8 கூட்டிக் காட்டுகிறது.

கொதிநீர்ச் சோதனையை இங்கே யாரும் செய்ய வேண்டாம். தண்ணீர் 100 பாகையில் கொதிப்பது கடல் மட்டத்தில். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அந்த எண்ணைப் பார்த்து நல்ல மானியை ஆறு பாகை கூட்டித் திருத்திவிட்டால் பெட்டி ஆறு பாகை குளிர்ந்து கிடக்கும். தவிரவும் நமக்கு வேண்டியது 20க்கும் 35க்கும் இடைப்பட்ட வெப்பம், கொதிநீர் அங்கிருந்து வெகு தூரம்.

அதற்குப் பதிலாக ஃபார்மசியில் விற்கும் டிஜிட்டல் காய்ச்சல் வெப்பமானியைப் பயன்படுத்துங்கள். மலிவான கருவிகளில் இவ்வளவு துல்லியமானது வேறு இல்லை. 35 முதல் 42 பாகைக்குள் பத்தில் ஒரு பாகை அளவுக்குச் சரியாக இருக்கும்படி செய்யப்பட்டது. ஒரு சுடுநீர்ப் போத்தலில் 37 பாகை அளவுக்கு வெதுவெதுப்பான நீர் எடுத்து, இரண்டு நுனியையும் ஒன்றாகக் கட்டி அமிழ்த்திக் கலக்குங்கள். காய்ச்சல் வெப்பமானி தான் கண்ட உச்ச அளவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நீர் ஆற ஆறக் கீழே இறங்காது. ஆகவே அது ஒலி எழுப்பும் அந்தக் கணத்தில் மற்ற மானியையும் வாசித்துவிட வேண்டும். ஐஸில் ஓர் எண், 37இல் ஓர் எண். இரண்டிலும் பிழை ஒரே அளவாக இருந்தால் நடுவிலும் அதேதான். அதை ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி மானியின் பின்னால் ஒட்டிவிடுங்கள். இரண்டு இடத்திலும் பிழை வெவ்வேறாகி, வித்தியாசம் ஒரு பாகைக்கு மேல் போனால் அந்த மானியைச் சமையலறைக்குக் கொடுத்துவிடலாம்.

ஈரமானிக்கு உப்புச் சோதனை. நிறைவுற்ற கறியுப்புக் கலவைக்கு மேலே மூடிய வெளியில் ஈரப்பதன் 75%இல் வந்து நிற்கும். 15 பாகையானாலும் 25 பாகையானாலும் இந்த எண் அரை வீதம்கூட மாறாது என்பதுதான் குளிர் ஊர்க்காரர்களுக்கு இதன் சிறப்பு. சோடாப் போத்தல் மூடி ஒன்றில் தூள் உப்பு நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கக்கூடாது, உப்பு கரையாமல் மிஞ்சியிருக்க வேண்டும். மூடியையும் மானியையும் காற்றுப்புகாத சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மானி உப்பைத் தொடக்கூடாது. எட்டு மணி நேரம் குறைந்தபட்சம், ஒரு முழு நாள் நல்லது. 70 காட்டினால் ஐந்து குறைத்துக் காட்டுகிறது.

இதில் தவறுவதற்கு நம் பக்கம் இரண்டு காரணங்கள். ஒன்று, கல்லுப்பு. சுத்திகரிக்காத கல்லுப்பில் மக்னீசியம் குளோரைட்டு கொஞ்சம் கலந்திருக்கும், அதனால்தான் அது பானையில் கசிந்து ஈரமாகிறது. அது எண்ணை 75க்குக் கீழே இழுத்துவிடும். பொதியில் வரும் சுத்திகரித்த தூள் உப்பைப் பயன்படுத்துங்கள், அயடீன் கலந்திருந்தால் பாதகமில்லை. இரண்டு, இரவுக் குளிர். பகல் 22, இரவு 12 என்று அறை இறங்கி ஏறினால் டப்பாவின் சுவரில் நீர்த்துளி படியும், எண் 80, 85 என்று ஏறிப் பொய் சொல்லும். டப்பாவைக் கம்பளியில் சுற்றி அலுமாரியின் நடுத்தட்டில், அல்லது அரிசிப் பீப்பாவுக்குள் புதைத்து வைத்தால் வெப்பம் நிலையாக நிற்கும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் தோட்டத் தேயிலை ஃபெக்டரியின் பக்கம் பாருங்கள். கொழுந்து வாட்டும் மாடியில், ஈரத் திரித்துணி சுற்றிய ஈரக்குமிழ், சுற்றாத உலர்குமிழ் என்ற இரட்டை வெப்பமானி தொங்கும். வாட்டலை நடத்த டீ மேக்கர் அதன் வித்தியாசத்தைத்தான் கவனிக்கிறார். அனுமதி கேட்டு உங்கள் மானியை அதன் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். உலர்குமிழ் 18, ஈரக்குமிழ் 16 என்றால் நுவரெலியா உயரத்தில் ஈரப்பதன் சுமார் 83%. வழக்கமான அட்டவணைகள் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்குப் போட்டவை, அவை 82% என்று சொல்லும். இந்த இடத்தில் அது பொருட்டல்ல. உலர்குமிழ் 30, ஈரக்குமிழ் 22 என்று வித்தியாசம் விரியும்போது அட்டவணை இரண்டு வீதத்துக்கு மேல் குறைத்துச் சொல்லும், அதை நினைவில் வைத்தால் போதும். ஈரக்குமிழின் திரித்துணி காய்ந்தோ அழுக்கேறியோ இருந்தால் அந்த வாசிப்பையே நம்ப வேண்டாம்.

எங்கே வைப்பது

நல்ல மானியைத் தவறான இடத்தில் வைத்தால் பணம் வீண். குறைந்தது மூன்று வாசிப்புகள் வேண்டும்: சூடான பக்கத்துத் தரை, சூடான பக்கத்துக் காற்று, குளிர்ந்த பக்கத்துக் காற்று. தரைக்கும் காற்றுக்கும் தனித்தனியாக அளப்பது இங்கே கட்டாயம். அடியில் ஒட்டும் ஹீட் மேட் தரையைச் சூடாக்குமே தவிர காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. அறை 15 பாகையாக இருக்கும் வீட்டில் தரை 32 காட்டிக்கொண்டிருக்க, அதற்கு மேலே ஓர் அடி உயரத்தில் காற்று 19, 20ஐத் தாண்டாமல் கிடக்கும். வயிறு சுடும், சுவாசிக்கும் காற்று குளிரும். போல் பைதனுக்குச் சளி பிடிக்கும் வழி இதுதான்: வாயோரம் நுரை, மூச்சில் விசில் சத்தம், தலையை மேலே தூக்கிக்கொண்டே இருப்பது. தரை வெப்பமானி மட்டும் வைத்திருப்பவர் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்புவார்.

தரை உணரி பாம்பு உண்மையில் படுக்கும் இடத்தில், சூடான மறைவிடத்துக்குள், தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். தரையில் பரப்பிய தூளின் மேல் வைத்துவிட்டுப் போனால் பாம்பு தூளை ஒதுக்கிவிட்டு வெறும் தரையில் படுக்கும். மேலே 31, அடியில் 38 என்ற நிலை அப்படித்தான் வருகிறது. உணரியைப் பொருத்த ஹொட் க்ளூ போதும். உள்ளே எந்த டேப்பும் கூடாது, செலோடேப், இன்சுலேஷன் டேப் எதுவானாலும். காரணம் வட்ட மானியின் பசைக்குச் சொன்னதேதான்.

ஈரமானி குளிர்ந்த பக்கத்தில், பாம்பின் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து நான்கைந்து விரற்கடைக்குள். தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே வைத்தால் கூட்டிக் காட்டும், காற்றுத் துளைக்கு அருகில் வைத்தால் அறையைக் காட்டும், விளக்குக்கு நேர் கீழே வைத்தால் உணரியே சூடேறிக் குறைத்துக் காட்டும். முடிந்தால் சூடான பக்கத்தில் இன்னொன்று.

ஆரம்பத்தில் சொன்ன கணக்கு இங்கேதான் கடிக்கிறது. சூடான மூலையில் 34% என்று கண்டு பதறி, அதை 60% ஆக்க ஸ்ப்ரே போத்தலை எடுப்பவர்கள் அதிகம். 31 பாகையில் 60% என்பதன் பனிபடுநிலை ஏறக்குறைய 22 பாகை. பெட்டிக்குள் 22க்குக் கீழே இருக்கும் எந்த மேற்பரப்பும் வியர்க்கத் தொடங்கும். குளிர்ந்த அறையில் கண்ணாடியெல்லாம் 17, 18 பாகை. தண்ணீர் கண்ணாடியில் வழிந்து தரையில் தேங்கி, குளிர்ந்த பக்கத்துத் தூள் ஊறிப்போகும். பாம்பு அதில் படுத்தால் வயிற்றுச் செதில் பழுப்பேறிக் கொப்புளிக்கும், செதில் அழுகல் அப்படித்தான் ஆரம்பம். குளிரும் ஈரமும் சேர்வதுபோல் பாம்பைக் கெடுப்பது வேறில்லை. வறட்சியால் சட்டை துண்டு துண்டாக உரிவதும் கண்ணின் மேல் தோல் தங்கிவிடுவதும் தொல்லைதான், ஆனால் அவற்றைச் சரிசெய்யலாம்.

ஸ்ப்ரேயை வைத்துவிட்டு முதலில் காற்றைச் சூடாக்குங்கள், பெட்டியைப் போர்த்துங்கள். பின்பக்கம், இரண்டு பக்கங்கள், அடி ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து ஓர் அங்குல ரெஜிபோம். அடியில் ஹீட் மேட் ஒட்டிய இடத்தை மட்டும் அழுத்தி மூடாதீர்கள், அங்கே சூடு தேங்கும். மேலே கம்பிவலை என்றால் முக்கால்வாசியை மூடி, காற்றுப் போக ஒரு பக்கம் விடுங்கள். மேலே செராமிக் ஹீட்டர் ஒன்று, கம்பிக் கூட்டுக்குள், வெப்பத்தைப் பார்த்து அதை எரியவிட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட்டோடு. குளிர்ந்த பக்கம் 25க்கு வந்தபின் ஈரமானியை மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் குறைவென்றால் தண்ணீர்க் கிண்ணத்தைப் பெட்டியின் நடுப்பக்கம் நகர்த்துங்கள், அகலமான கிண்ணமாக மாற்றுங்கள், சூடான பக்கத்தில் ஈரப் பாசி வைத்த மூடிய மறைவிடம் ஒன்று கொடுங்கள். பாம்புக்கு வேண்டும்போது அதற்குள் போய்க்கொள்ளும்.

தெர்மோஸ்டாட்டின் எண்ணை வெப்பமானி என்று எண்ணாதீர்கள்

எஸ்டிசி-1000, டபிள்யூ1209 போன்ற மலிவுத் தெர்மோஸ்டாட்டுகள் தாங்களே ஓர் எண்ணைக் காட்டுவதால் வேறு மானி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தெர்மோஸ்டாட்டின் உணரி இடம் பெயர்ந்தால் அது காட்டும் எண்ணும் சேர்ந்தே பொய்யாகிறது. பாம்பு உணரியை இழுத்துக் குளிர்ந்த பக்கம் போட்டுவிட்டால், தெர்மோஸ்டாட் 22 என்று காட்டியபடி ஹீட் மேட்டை முழு வலுவில் எரியவிடும். தரை 45ஐத் தாண்டும். உணரியின் மேல் தண்ணீர் சிந்தினாலும் ஆவியாதலில் குளிர்ந்து இதே கதை. உணரியின் உள்ளேயே தண்ணீர் புகுந்தால் மாறாக நடக்கும்: மின்தடை குறைந்து கூட்டிக் காட்டும், ஹீட்டர் அணைந்தே கிடக்கும், விடியும்போது பெட்டி அறையளவு குளிர்ந்திருக்கும். இரண்டையும் காட்டிக்கொடுப்பது தனியாக வைத்த, தனிப் பற்றரியில் ஓடும் வெப்பமானி மட்டுமே.

தெர்மோஸ்டாட்டையும் ஐஸிலும் 37இலும் சோதிக்கலாம். பிழையை உள்ளேயே திருத்தும் வசதி இருக்கிறது. எஸ்டிசி-1000இல் எஃப்4, டபிள்யூ1209இல் பி4 என்ற அமைப்பு அது. ஒரு பாகை கூட்டிக் காட்டினால் அங்கே கழித்தல் 1 என்று போடுங்கள். திருத்தியபின் மறுபடி ஐஸில் வைத்துப் பாருங்கள், திசையை மாற்றிப் போட்டுவிட்டால் பிழை இரட்டிப்பாகிவிடும்.

பருவமும் பராமரிப்பும்

மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மழையைக் கொட்டும். அதே மாதங்களில் மலைக்கு மறுபக்கம் பதுளையிலும் பண்டாரவளையிலும் காய்ந்த காற்று அடித்து ஈரப்பதன் விழும். ஹட்டன்காரர் சொன்ன அமைப்பை வெலிமடைக்காரர் அப்படியே எடுத்தால் பொருந்தாது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் தரைப்பனி விழும் இரவுகள் தனி, அப்போது தாழ்ந்த அளவைத் தினமும் காலையில் பார்த்துவிட்டு நினைவை அழித்து விடுங்கள். கரண்ட் போன இரவு எவ்வளவு இறங்கியது என்பதும் அதில்தான் தெரியும்.

டிஜிட்டல் ஈர உணரிகள் 80%க்கு மேல் நாட்கணக்கில் கிடந்தால் இரண்டு மூன்று வீதம் கூட்டிக் காட்டத் தொடங்கும். கெட்டுப்போகவில்லை, காய்ந்த இடத்தில் வைத்தால் மெல்ல மீளும். சூடான ஹீட் மேட்டின் மேல் அல்ல, அரிசியோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்து, பிறகு உப்புச் சோதனை செய்து பாருங்கள். ஸ்பிரிட், டெட்டோல், வார்னிஷ், புதிய சிலிக்கன் பசை இவற்றின் ஆவி உணரியின் படலத்தைப் பாதிக்கும். பெட்டியைக் கழுவி மருந்து போடும் நாளில் மானியை வெளியே எடுத்துவிட்டு, வாடை முற்றாகப் போனபின் திருப்பி வையுங்கள்.

சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும், மழைக்கு முன் ஒன்று, தைக் குளிருக்கு முன் ஒன்று. எல்ஆர்44 பற்றரிகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள். எழுத்து மங்கும்வரை காத்திருந்தால், அதற்கு முன்பே எண் தடுமாறத் தொடங்கியிருக்கும். ஈரத்தில் பற்றரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தால் தொடுமுனையை வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு, மறுபடி ஐஸில் வையுங்கள். பின்னால் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் இருக்கும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை, திகதியோடு எழுதுங்கள்.